பரணுக்குப் போன பேஸ்பால் கார்டுகள்

சிறுவர்களின் கால்சட்டைப் பையில் கசங்கிக் கிடந்த படங்களை 1980களில் பெரியவர்கள் முதலீடாக மாற்றினார்கள். சந்தை பொங்கியது, பிறகு சரிந்தது. பணம் போனதோடு நிற்கவில்லை, பிள்ளைகளும் போய்விட்டார்கள்.

அமெரிக்காவில் வயதான பெற்றோரின் வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து அடிக்கடி இறங்கும் பொருள் ஒன்று உண்டு. நீளமான வெள்ளை அட்டைப் பெட்டி. திறந்தால் உள்ளே பேஸ்பால் ஆட்டக்காரர்களின் வண்ணப் படங்கள், சீட்டுக்கட்டு அடுக்கியதுபோல ஆயிரக்கணக்கில். ஒன்றில்கூட மடிப்பு இல்லை, முனை மழுங்கவில்லை. பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு உதவும் என்று யாரோ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு பத்திரப்படுத்திய சொத்து.

சொத்தைக் கடைக்குத் தூக்கிச் சென்றால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஆண்டு என்பதுதான். 1980களின் கடைசி, 1990களின் தொடக்கம் என்று பதில் வந்தால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். விற்பதற்கு ஊரெல்லாம் ஆள் உண்டு; வாங்கத்தான் ஆள் இல்லை. அந்த ஆண்டுகளுக்குச் சேகரிப்பாளர்கள் சூட்டியிருக்கும் பெயர் 'குப்பை யுகம்'.

அதே நாட்டில் 2022 ஆகஸ்டில் ஒரே ஒரு பேஸ்பால் கார்டு 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 1952ல் அச்சான, மிக்கி மாண்டில் என்ற நியூயார்க் ஆட்டக்காரரின் படம் அது. ஒரு கார்டுக்கு மாளிகை விலை, இன்னொரு பெட்டி நிறையக் கார்டுகளுக்குப் பழைய பேப்பர் விலை. இது எப்படி என்று பார்த்தால், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்கச் சிறுவர்களை ஆட்டிவைத்த ஒரு பழக்கத்தை லட்சக்கணக்கானோர் ஏன் கைவிட்டார்கள் என்பதும் புரிந்துவிடும்.

சிகரெட்டில் பிறந்தது

நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்கர்களுக்கு அப்படி பேஸ்பால். 1880களில் அங்கே சிகரெட் கம்பெனிகள், மெல்லிய காகித உறை நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டையை வைத்தன. அட்டை சும்மா இருப்பானேன் என்று அதில் நடிகைகள், குத்துச்சண்டை வீரர்கள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள் என்று படம் போட்டார்கள். புகைத்தவர்கள் பெரியவர்கள். படத்துக்கு அலைந்தவர்கள் தெருவில் நின்ற பையன்கள்.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட தொகுப்பு (சேகரிப்பாளர்களின் கணக்கில் அதற்கு 'டி-206' என்று பெயர்) இன்றும் பேசப்படுகிறது. காரணம், அதில் உள்ள ஹோனஸ் வாக்னரின் படம். பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியின் நட்சத்திரமான வாக்னர், தன் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். சிறுவர்கள் தன் பெயரால் புகையிலை வாங்கக் கூடாது என்று நினைத்தார் என்பார்கள் சிலர். கம்பெனி காசு கொடுக்காததுதான் காரணம் என்பார்கள் வேறு சிலர். எது எப்படியோ, வெளியே வந்தவற்றில் இன்று உலகில் இருப்பதாகத் தெரிபவை சுமார் அறுபதுதான்.

1930களில் சிகரெட்டின் இடத்தைப் பபிள்கம் பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த டாப்ஸ் நிறுவனம் களத்தில் இறங்கியது. அங்கே வேலை பார்த்த சை பெர்கர், 1952ஆம் ஆண்டுத் தொகுப்பைத் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து வடிவமைத்தார். முன்பக்கம் வண்ணப் படம், கையெழுத்து, அணியின் சின்னம். பின்பக்கம் ஆட்டக்காரரின் கதையும் ஆட்டக் கணக்கும். மொத்தம் 407 கார்டுகள். ஐந்து காசு கொடுத்தால் கம்மோடு ஒரு பாக்கெட். இந்த அமைப்பைத்தான் பிறகு வந்த எல்லோரும் பின்பற்றினார்கள்.

தொலைக்காட்சி இன்னும் எல்லா வீட்டிலும் நுழையாத காலம் அது. தன் நாயகன் எப்படி இருப்பான், போன வருடம் எத்தனை ஹோம் ரன் அடித்தான் என்பதைப் பையன்கள் கார்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். கூட்டல், வகுத்தல், சராசரி எல்லாம் அதிலேயே கற்றுக்கொண்டவர்கள் உண்டு. சுவரோரம் கார்டுகளைச் சுண்டி எறிந்து பந்தயம் வைத்தார்கள். இருக்கும் கார்டை இல்லாததற்கு மாற்றிக்கொண்டார்கள். பிடிக்காத அணிக்காரனின் படத்தைத் துணி கிளிப்பால் சைக்கிள் சக்கரத்தில் மாட்டி, மோட்டார் சைக்கிள்போலப் படபடவென்று சத்தம் வரவைத்தார்கள். மீதியை ரப்பர் பாண்டு போட்டு ஷூ பெட்டியில் திணித்தார்கள். நம் ஊரில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்கு இந்தச் சுகம் தெரியும். யாரும் அதற்கு விலை பார்க்கவில்லை.

கடலில் கொட்டிய பொக்கிஷம்

1952 தொகுப்பை டாப்ஸ் தவணை தவணையாக வெளியிட்டது. 311 முதல் 407 வரையிலான கடைசித் தவணை கடைக்கு வந்தபோது பேஸ்பால் பருவம் முடியும் தறுவாய். பையன்களின் கவனம் அமெரிக்கக் கால்பந்துக்குத் தாவிவிட்டது. சரக்கு தேங்கியது. பல ஆண்டுகள் கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த அதைத் தள்ளுபடி விலையிலும் விற்க முடியவில்லை. 1960ல் பெர்கர் ஒரு முடிவுக்கு வந்தார். கார்டுகளைக் குப்பைப் படகில் ஏற்றி, நியூஜெர்சிக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டினார்.

அந்தக் கடைசித் தவணையின் முதல் எண், 311, மிக்கி மாண்டில்.

கடலுக்குத் தப்பியவற்றைத் தாய்மார்கள் கவனித்துக்கொண்டார்கள். பையன் கல்லூரிக்கோ ராணுவத்துக்கோ போனதும் அவன் அறையைச் சுத்தம் செய்த அம்மா, ஷூ பெட்டியைக் குப்பையில் போட்டார். அமெரிக்காவில் ஒரு தலைமுறை ஆண்கள் அத்தனை பேரும் சொல்லும் கதை இது. அது வெறும் புலம்பல் இல்லை. பழைய கார்டுகளின் பொருளாதாரமே அதில்தான் அடங்கியிருக்கிறது. கசங்கியவை, கிழிந்தவை, தொலைந்தவை, எறியப்பட்டவை எல்லாம் போக மிஞ்சியவை சொற்பம். 1970களில் அந்தப் பையன்கள் வேலைக்குப் போய் நாலு காசு பார்த்ததும், தொலைத்ததைத் தேடிக்கொண்டு வந்தார்கள். கையில் பணம் இருந்தது, சரக்கு இல்லை. விலை ஏறியது.

யாரும் காப்பாற்றி வைக்காததால்தான் அவற்றுக்கு மதிப்பு வந்தது. அடுத்து வந்தவர்கள் மறந்தது இந்த ஒன்றைத்தான்.

பேராசிரியரின் விலைப் பட்டியல்

ஒஹையோ மாநிலத்தின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்த ஜேம்ஸ் பெக்கெட் ஒரு கார்டுப் பித்தர். எந்தக் கார்டுக்கு என்ன விலை என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது அவரை உறுத்தியது. விலைகளைத் திரட்டி 1979ல் நூலாகவே கொண்டுவந்தார். 1984ல் அது மாதப் பத்திரிகையானது. கார்டின் பெயர், விலை, பக்கத்தில் ஏறுமுகத்துக்கும் இறங்குமுகத்துக்கும் அம்புக்குறி. செய்தித்தாளின் பங்குச் சந்தைப் பக்கத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. பத்து வயதுப் பையன்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். "இந்த ஆள் நன்றாக ஆடுவானா?" என்ற கேள்வி போய், "இவன் எத்தனை டாலர்?" என்ற கேள்வி வந்தது. பட்டியலில் இருந்தது கடைக்காரர் விற்கும் விலை என்பதும், அவரிடம் விற்கப் போனால் அதில் பாதிகூடத் தேறாது என்பதும் பலருக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதே சமயத்தில் டாப்ஸின் ஏகபோகமும் உடைந்தது. ஃப்ளீர் நிறுவனம் தொடுத்த வழக்கில் 1980ல் நீதிமன்றம் டாப்ஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நஷ்டஈடு என்னவோ மூன்று டாலர்தான். ஆனால் கதவு திறந்துவிட்டது. 1981ல் ஃப்ளீரும் டான்ரஸும் கார்டு போட்டன. மறு ஆண்டே மேல்முறையீட்டுத் தீர்ப்பைச் சமாளிக்க ஒன்று ஸ்டிக்கரும் மற்றொன்று படப் புதிர்த் துண்டும் சேர்த்து விற்கத் தொடங்கின. கடையை மட்டும் மூடவில்லை. 1988ல் ஸ்கோர் வந்தது. 1989ல் அப்பர் டெக் வந்தது. நல்ல அட்டை, பளபளக்கும் அச்சு, போலியைத் தடுக்க ஹாலோகிராம், யாரும் பிரித்து ஒட்ட முடியாத உறை. மற்றவர்களின் பாக்கெட்டைப்போல இரு மடங்கு விலை. அப்படியும் பறந்தது.

பங்கையும் தங்கத்தையும்விடக் கார்டு லாபம் தருகிறது என்று பத்திரிகைகள் எழுதின. கடைவீதிகளில் கார்டுக் கடைகள் முளைத்தன. 1990களின் தொடக்கத்தில் அவை சுமார் 10,000 என்பது ஒரு மதிப்பீடு. ஹோட்டல் அரங்குகளில் வார இறுதிச் சந்தைகள் நடந்தன. வீட்டு ஷாப்பிங் டி.வி. சேனல்களில் விற்பனையாளர்கள் தொண்டை கிழியக் கூவினார்கள். ஓர் ஆட்டக்காரரின் முதலாண்டுக் கார்டுக்குத் தனி மவுசு. அவர் பெரிய ஆளாக வந்தால் கார்டும் பெரிய விலைக்குப் போகும் என்று ஒரே புதுமுகத்தின் படத்தை நூறு, இருநூறு என்று வாங்கிக் குவித்தார்கள். 1989ல் ஃப்ளீர் வெளியிட்ட பில்லி ரிப்கனின் படத்தில், அவர் கையிலிருந்த மட்டையின் அடியில் ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருந்தது தெரியாமல் அச்சாகிவிட்டது. அதற்கும் அடிதடி. நிறுவனம் அந்த வார்த்தையை வெவ்வேறு விதமாக மறைத்து மறுபடி அச்சடித்தது. ஒவ்வொரு மறைப்பும் தனி ரகமாக விலை போனது.

அச்சடித்துக் குவித்தார்கள்

எத்தனை கார்டு அச்சடித்தோம் என்று அந்த நாளில் கம்பெனிகள் வெளியே சொல்வதில்லை. பத்திரிகையாளர் டேவ் ஜேமிசன், 2010ல் கார்டுகளின் வரலாற்றை எழுதியபோது ஒரு மதிப்பீட்டைத் தருகிறார்: உச்சத்தில் ஆண்டுக்கு 8,100 கோடி கார்டுகள். அப்போது அமெரிக்காவின் ஜனத்தொகை சுமார் 25 கோடி. கைக்குழந்தை உட்பட ஆளுக்கு 300க்கு மேல். 1991ல் விற்பனை 120 கோடி டாலரைத் தொட்டது என்பதும் அவர் தரும் கணக்குதான்.

இந்தக் கார்டுகள் எதுவும் தொலையவில்லை என்பதுதான் விபரீதம். கடலில் கொட்டப்படவில்லை, சைக்கிளில் மாட்டப்படவில்லை. எந்த அம்மாவும் தூக்கி எறியவில்லை. தன் கணவனின் பழைய புலம்பலைக் கேட்டுக் கேட்டு, மகனின் கார்டுகளை அம்மாவே பத்திரமாகப் பரணில் ஏற்றினார். எல்லோரும் ஒரே பொருளை, ஒரே காலத்தில், ஒரே நம்பிக்கையோடு பூட்டி வைத்தார்கள். இருபது ஆண்டு கழித்து எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க வருவார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

தப்பான குதிரையின் மேல் கட்டியவர்கள்தான் தோற்றார்கள் என்று சொல்லவும் முடியாது. அப்பர் டெக்கின் 1989 தொகுப்பில் முதல் கார்டு, அப்போது 19 வயதான கென் கிரிஃபி ஜூனியருடையது. அந்தத் தேர்வு பிரமாதமாகப் பலித்தது. கிரிஃபி 630 ஹோம் ரன் அடித்தார். 2016ல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்துக்கு 99.3 சதவீத வாக்குகளோடு தேர்வானார். இதைவிட ஓர் ஆட்டக்காரரால் என்ன செய்ய முடியும்? ஆனாலும் அவருடைய அந்தக் கார்டு யாரையும் கோடீஸ்வரனாக்கவில்லை. வேண்டும் என்பவருக்கு இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. மிகச் சரியாகக் கணித்தவர்களையும் கவிழ்த்தது அச்சு இயந்திரம்.

தொடாதே!

பணம் போனது பெரியவர்களின் கவலை. பிள்ளைகள் விலகியதற்கு வேறு காரணம் இருந்தது.

விலை என்று வந்ததும் கார்டின் 'நிலைமை' முக்கியமாகிவிட்டது. முனை மழுங்கினால் பாதி விலை. மடிப்பு விழுந்தால் ஒன்றுமில்லை. அப்பாக்கள் பிளாஸ்டிக் உறை வாங்கினார்கள், கெட்டிச் சட்டம் வாங்கினார்கள். சில பெட்டிகளைப் பிரிக்கவே கூடாது என்று உத்தரவு போட்டார்கள். பபிள்கம்மின் எண்ணெய் கார்டில் கறை ஏற்படுத்துகிறது என்று சேகரிப்பாளர்கள் முணுமுணுத்ததால், 1992ல் டாப்ஸ் பாக்கெட்டிலிருந்து கம்மையே எடுத்துவிட்டது. நாற்பது ஆண்டுகளாகக் கார்டை விற்றுக்கொடுத்த மிட்டாய், கார்டுக்கு எதிரியாகிப்போனது. 1991ல் பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் வந்தது. கார்டை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக்கில் வைத்து மூடி அனுப்பும். அதன் பிறகு அந்தக் கார்டை விரலால் தொடவே முடியாது.

விளையாட்டுச் சாமானைக் கையில் கொடுத்து விளையாடாதே என்றால் எந்தப் பிள்ளை எத்தனை நாள் வைத்திருக்கும்?

வாங்குவதும் கஷ்டமாயிற்று. முன்பு ஆண்டுக்கு ஒரு தொகுப்பு. கைக்காசில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, இரட்டையாக வந்ததை மாற்றிக்கொண்டு, இலையுதிர் காலத்துக்குள் முழுத் தொகுப்பையும் சேர்த்துவிடலாம் என்பது ஒரு பையனின் ஆண்டுத் திட்டம். 1990களின் நடுவில் ஒரே ஆட்டக்காரருக்கு ஒரே ஆண்டில் டஜன் கணக்கில் கார்டுகள்: சாதா, தங்க முலாம், உலோகப் பளபளப்பு, எண் போட்டது, கையெழுத்து போட்டது. முடிக்கவே முடியாத தொகுப்பை எதற்குத் தொடங்க வேண்டும்? கடையில் கிடைத்த பாக்கெட்டின் விலை காசுகளிலிருந்து டாலர்களுக்குத் தாவியது.

சாதாக் கார்டு விலை போகாது என்று ஆனதும் கம்பெனிகள் பாக்கெட்டை லாட்டரிச் சீட்டாக்கின. 1990ல் அப்பர் டெக், ரெஜி ஜாக்சன் தன் கையால் கையெழுத்திட்ட 2,500 கார்டுகளைப் பாக்கெட்டுகளுக்குள் கலந்துவிட்டது. பிறகு ஆட்டக்காரர் அணிந்த சட்டையை வெட்டித் துண்டு துண்டாகக் கார்டில் ஒட்டும் வழக்கம் வந்தது. 2003ல் டான்ரஸ் நிறுவனம், பேஸ்பாலின் பிதாமகர் பேப் ரூத் 1925ல் அணிந்த சட்டையை இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, கத்தரி போட்டது. பழம்பொருள் காப்பாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பாக்கெட்டைப் பிரித்து, அந்த ஒரு துண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்ற கார்டுகளைக் கடை வாசலிலேயே போட்டுவிட்டுப் போகிறவர்கள் பெருகினார்கள்.

நம்பிக்கையும் போனது

விரிசல் விட்ட சுவரில் 1994ல் இடி விழுந்தது. ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பள உச்சவரம்பு குறித்து அணி முதலாளிகளோடு தகராறு. அது 232 நாள் நீடித்தது. 1904க்குப் பிறகு முதல்முறையாக உலகத் தொடர் ரத்தானது. கோடீஸ்வரர்களுக்கும் லட்சாதிபதிகளுக்கும் நடக்கும் சண்டையில் நாம் ஏன் நிற்க வேண்டும் என்று ரசிகர்கள் திரும்பிக்கொண்டார்கள். கார்டுக் கடைகள் வரிசையாக மூடத் தொடங்கின.

அடுத்த அடி இணையத்திலிருந்து வந்தது. 1995ல் தொடங்கிய ஈபே, அதுவரை மறைந்திருந்த ஒன்றை வெளிச்சம் போட்டுக் காட்டியது. தன் ஊரில் தன்னிடம் மட்டுமே இருப்பதாக ஒருவர் நினைத்திருந்த கார்டு, நாடு முழுவதும் ஆயிரம் பேரிடம் இருந்தது. அத்தனை பேரும் விற்கத் தயாராக இருந்தார்கள். விலைப் பட்டியலில் 40 டாலர் என்று இருந்தது, ஏலத்தில் 4 டாலருக்குக்கூடப் போகவில்லை.

நாயகர்களும் கைவிட்டார்கள். 1998ல் மார்க் மக்வயர் 70 ஹோம் ரன் அடித்து 37 ஆண்டுச் சாதனையை முறியடித்தபோது, அவருடைய 1985 கார்டு விண்ணுக்கு ஏறியது. ஊக்க மருந்துச் சர்ச்சை கிளம்பியதும் அதே வேகத்தில் இறங்கியது. தான் ஸ்டிராய்டு எடுத்துக்கொண்டதை 2010ல் அவரே ஒப்புக்கொண்டார். 2001ல் அவரை மிஞ்சி 73 அடித்த பேரி பாண்ட்ஸ், தெரிந்தே மருந்து எடுத்ததாக ஒப்புக்கொண்டதில்லை. ஆனாலும் 2013 முதல் 2022 வரை பத்து முறை நடந்த வாக்கெடுப்பில் பத்திரிகையாளர்கள் அவரைப் புகழ் மண்டபத்துக்குள் விடவில்லை.

வியாபாரத்தின் மகுடத்திலேயே பொய் இருந்தது எல்லாவற்றுக்கும் சிகரம். ஹோனஸ் வாக்னர் கார்டுகளில் மிக நேர்த்தியான ஒன்றை 1991ல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெயின் கிரெட்ஸ்கியும் அவருடைய அணி முதலாளி புரூஸ் மக்னாலும் 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். பி.எஸ்.ஏ. மதிப்பெண் போட்ட முதல் கார்டு அதுதான். 1990களின் நடுவில் அதை வாங்கிய வால்மார்ட் ஒரு போட்டிக்குப் பரிசாக வைத்தது. வென்றவர் ஃபுளோரிடாவில் தபால் இலாகாவில் வேலை பார்த்த ஒரு பெண். பரிசுக்கான வரியைக் கட்ட வழியில்லாமல் விற்றுவிட்டார். கைமாறிக் கைமாறி 2007ல் அது 28 லட்சம் டாலருக்குப் போனது. முதலில் அதை விற்ற ஏலதாரர் பில் மாஸ்ட்ரோ, ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக 2013ல் சிகாகோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஏல மோசடிக்காக அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. தொழிலின் தாஜ்மகாலிலேயே ஒட்டு வேலை என்றால் சாமான்யன் எதை நம்பி வாங்குவான்?

பிள்ளைகள் போன இடம்

கணிப்பொறி விளையாட்டு வந்துவிட்டது, அதனால் பிள்ளைகள் கார்டை விட்டுவிட்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மை. ஆட்டக் கணக்கைத் தெரிந்துகொள்ளக் கார்டின் முதுகைப் பார்க்க வேண்டிய தேவையும் இணையத்தால் போய்விட்டது. பேஸ்பாலைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கே வயதாகிவிட்டது. அவர்களின் நடு வயது 57 என்று 2017ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது.

ஆனால் 1999ல் நடந்ததைப் பார்த்தால் இன்னொரு பாதி தெரியும். ஜப்பானிலிருந்து வந்த போக்கிமான் கார்டுகள் அந்த ஆண்டு அமெரிக்கப் பள்ளிகளைப் பிடித்து ஆட்டின. வகுப்பில் கவனம் சிதறுகிறது என்று பல பள்ளிகள் தடை போடும் அளவுக்கு வெறி. ஆக, அட்டைப் படம் பிள்ளைகளுக்கு அலுத்துவிடவில்லை. போக்கிமானை வைத்து எதிரே உட்கார்ந்தவனோடு விளையாடலாம், தோற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். அப்பாவுக்கு அதன் பெயரும் தெரியாது, விலையும் தெரியாது. 1952ல் பேஸ்பால் கார்டு எப்படி இருந்ததோ அப்படி இருந்தது அது. (போக்கிமானுக்கும் பிறகு ஏலமும் மதிப்பெண்ணும் வந்து சேர்ந்தன என்பது வேறு கதை.)

பேஸ்பால் கார்டுத் தொழில் சுருங்கிக்கொண்டே போனது. 2005ல் ஃப்ளீர் திவாலானது. டான்ரஸின் பேஸ்பால் உரிமமும் அந்த ஆண்டோடு போனது. 10,000 கடைகள் இருந்த நாட்டில் 2000களின் நடுவில் எஞ்சியவை சுமார் 1,700. பத்தாண்டுகளின் முடிவில் ஆண்டு விற்பனை 20 கோடி டாலர் அளவுக்கு விழுந்தது. 2010 முதல் அணிச் சின்னங்களோடு கார்டு போடும் உரிமை டாப்ஸுக்கு மட்டும் என்றானது. முப்பது ஆண்டு சுற்றி, தொழில் புறப்பட்ட இடத்துக்கே வந்தது.

மறுபடியும் முதலிலிருந்து

2020ல் கொரோனா ஊரடங்கு எல்லோரையும் வீட்டில் உட்கார வைத்தது. பரணிலிருந்து பெட்டிகள் இறங்கின. கையில் அரசு கொடுத்த உதவித்தொகை, பார்க்க ஆட்டம் இல்லை. கார்டு விலை மறுபடி பறந்தது. 2021 ஜனவரியில் ஒரு மாண்டில் கார்டு 52 லட்சம் டாலருக்குப் போனது. மார்ச்சில், மதிப்பெண்ணுக்காக வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. மே மாதம் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு டார்கெட் கடையின் வாசலில் கார்டுக்காக நடந்த தகராறில் ஒருவர் துப்பாக்கியை எடுத்தார். டார்கெட் நிறுவனம் நாடு முழுவதும் தன் கடைகளில் கார்டு விற்பனையைச் சில காலம் நிறுத்தி வைத்தது. 2022 ஜனவரியில் ஃபனாட்டிக்ஸ் நிறுவனம் டாப்ஸின் கார்டுத் தொழிலைச் சுமார் 50 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் அந்த 1 கோடியே 26 லட்சம் டாலர் மாண்டில். 1991ல் அதை வாங்கியவர் கொடுத்தது 50,000 டாலர்.

சந்தை பிழைத்துக்கொண்டது என்று இதை வைத்துச் சொல்லலாம். ஆனால் பிழைத்தது எது என்று பார்க்க வேண்டும். உச்சத்தில் சில ஆயிரம் பணக்காரர்களின் ஏலம் இருக்கிறது. அடியில் பரணில் தூங்கும் கோடிக்கணக்கான அட்டைகள் இருக்கின்றன. நடுவில் இருந்த பையன், கைக்காசில் பாக்கெட் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து பிரித்து, நண்பனோடு மாற்றிக்கொண்டவன், அவனைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அவனைத் திரும்ப அழைக்கக் கம்பெனிகள் முயலாமல் இல்லை. பைரட்ஸ் அணியின் புதிய பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ், தன் முதல் ஆட்டத்தில் அணிந்த சட்டையிலிருந்த சின்னத்தை வெட்டியெடுத்து, அவர் கையெழுத்தோடு ஒரே ஒரு கார்டு தயாரித்தது டாப்ஸ். உலகத்திலேயே ஒன்றுதான். அது ஏதோ ஒரு பாக்கெட்டுக்குள் போனது. கார்டைக் கொண்டுவந்து கொடுத்தால், மைதானத்தில் முக்கியமான இடத்தில் இரண்டு இருக்கைகளுக்கு 30 ஆண்டுச் சீட்டு இலவசம் என்று அணி அறிவித்தது. 2024 கிறிஸ்துமஸ் அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் 11 வயதுப் பையன் ஒருவன் தனக்குப் பரிசாக வந்த பெட்டியைப் பிரித்தான். உள்ளே அந்தக் கார்டு இருந்தது.

குடும்பம் கூடி யோசித்து, ஏலத்துக்கு விடுவது என்று முடிவு செய்தது. 2025 மார்ச்சில் அது 11 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்குப் போனது. அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. யாரும் அந்தப் பையனைக் குறை சொல்லவும் முடியாது. வாங்கியது ஒரு விளையாட்டுச் சாமான் கடை நிறுவனம். இனி அந்தக் கார்டு எந்தப் பையனின் கால்சட்டைப் பையிலும் கசங்கப் போவதில்லை.